மண்டகப்பட்டு முதல் மைஹர் வரை: நரம்பிசை பயிற்றிய வரலாறு

செஞ்சி என்றதும் நம் வாசகர்களின் நினைவுக்கு முதலில் வருபவை மூன்று மலைகளின் மேல் எழுந்த கோட்டையும், அதனுள் நிற்கும் சஆதத்துல்லாஹ் கான் பள்ளிவாசலும், தேசிங்கு ராசனோடு உயிர் கொடுத்த முஸ்லிம் தோழனின் கதையுமே ஆகும். அக்கோட்டை எழுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே வரலாற்றில் இடம்பெற்றுவிட்ட சிற்றூர் ஒன்று செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே இருக்கிறது. அதன் பெயர் மண்டகப்பட்டு. கி.பி. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் அங்குள்ள பாறையைக் குடைந்து ஒரு கோயிலை அமைத்தான். சதுரமும் எண்பட்டையுமாகச் செதுக்கிய தூண்கள், முகப்பின் இருபுறமும் வாயிற்காவலர் உருவங்கள், பின்சுவரில் மூன்று கருவறைகள் என அளவில் சிறியது அது. அதன் பெருமை அங்குள்ள கிரந்த எழுத்துக் கல்வெட்டில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றி விசித்திரசித்தன் என்னும் அரசன் இதனை ஆக்கினான் என்பது அதன் செய்தி. விசித்திரசித்தன் என்பது மகேந்திரனின் பட்டப் பெயர்களுள் ஒன்று.

அழியும் பொருள்களை விலக்கி, அழியாத ஒன்றில் தன் எண்ணத்தைப் பதிக்க விரும்பிய மன்னன் இவன் என்பதை அக்கல்வெட்டால் அறிகிறோம். நாம் இங்கே எடுத்துக்கொண்ட பொருளோ முற்றிலும் அழியக்கூடியவற்றால் ஆனது. மரத்தால் பத்தர் செய்து, தோல் போர்த்து, நரம்பு கட்டி மீட்டப்படும் இசைக்கருவிகளையும், அவற்றைச் சிறுவர்க்குக் கற்பித்த முறைகளையும் பற்றியே நாம் பேச விழைகிறோம். சங்க காலத்து யாழ்களில் ஒன்றேனும் இன்று நம்மிடம் இல்லை. செஞ்சிக்குக் கிழக்கே, திண்டிவனத்தை அடுத்த கிடங்கிலைத் தன் ஊர்களுள் ஒன்றாகக் கொண்டு ஆண்ட நல்லியக்கோடனிடம் சீறியாழ் ஏந்திய பாணர்கள் சென்ற வழியைச் சிறுபாணாற்றுப்படை விரித்துரைக்கிறது. அந்தச் சீறியாழ் எவ்வாறு ஒலித்தது என்று சொல்ல எவராலும் இயலவில்லை. சுவாமி விபுலாநந்தர் ஆண்டுகள் பல உழைத்து 1947-இல் 'யாழ் நூல்' வெளியிட்டார். அவருங்கூட இலக்கியச் சான்றையும் கணக்கையும் கொண்டே யாழை மீட்டெடுக்க முயல வேண்டியிருந்தது. கேட்டறிய ஒரு பாணனும் எஞ்சியிருக்கவில்லை.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளை ஒவ்வொன்றாக வரையறுக்கிறது. மாதவி ஐந்தாம் வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள். கற்பிப்பவனுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை அக்காப்பியம் மிக நுட்பமாகச் சொல்கிறது. அந்த ஐந்து வயதுக் குழந்தை முதல் நாள் எப்படி நடத்தப்பட்டாள், விரல் நொந்தபோது என்ன சொல்லப்பட்டது என்பன அதில் இல்லை. காப்பியத்திடம் அதை எதிர்பார்ப்பதும் முறையன்று. ஆயினும் கல்வி வரலாற்றை எழுத முனைவோர் தேடுவது அதனைத்தான்.

மகேந்திரனின் பட்டங்களுள் 'சங்கீர்ணசாதி' என்பதும் ஒன்று. இது தாள வகையைக் குறிக்கும் இசைப் பெயர் என்பது அறிஞர் பலரின் கருத்து. 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் நகை நாடகத்தை எழுதியவனும் இவனே. எனவே 1904-இல் புதுக்கோட்டைச் சீமையின் குடுமியான்மலையில் ஓர் இசைக் கல்வெட்டு கண்டறியப்பட்டபோது, அறிஞர்களின் எண்ணம் இயல்பாகவே மகேந்திரனை நோக்கிச் சென்றது. பண்டார்க்கர் அதனைப் படித்து 'எபிகிராபியா இண்டிகா'வின் பன்னிரண்டாம் தொகுதியில் வெளியிட்டார். கல்வெட்டில் மன்னனின் பெயர் இல்லை. சிவநெறியில் ஆழ்ந்த ஓர் அரசன், உருத்திராசாரியரின் மாணவன், மாணாக்கரின் நன்மை கருதி இதனை ஆக்கினான் என்று மட்டுமே உள்ளது. மகேந்திரனுக்கே இதனை உரியதாக்குவது சரியா என்று பின்வந்த அறிஞர்கள் ஐயுற்றனர். புதுக்கோட்டைப் பகுதியில் பல்லவர் ஆட்சி அக்காலத்தில் நிலவியதா என்பது அவ்வையத்தின் அடிப்படை. அது நியாயமான ஐயம் என்றே நாமும் கருதுகிறோம். மண்டகப்பட்டுக் குடைவரையை ஆக்கியவனே இதையும் ஆக்கினான் என்று உறுதி கூற இயலாது. ஆயினும், அழியும் கலையைக் கல்லில் நிறுத்த வேண்டும் என்ற அதே வேட்கை இரண்டிடத்தும் காணப்படுகிறது.

குடுமியான்மலைக் கல்வெட்டு பாடல் அன்று. அதில் சொல்லும் இல்லை, பொருளும் இல்லை. சுரங்களே நிறைந்துள்ளன. மத்திமகிராமம், சட்ஜகிராமம், சாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்திமம், கைசிகம் என்னும் ஏழு பண்களுக்கு ஏழு பகுதிகள். ஒவ்வொன்றிலும் நந்நான்கு சுரங்களாகக் கோத்த தொகுதிகள் வரிசை வரிசையாக வருகின்றன. ஒரு வரிசையின் தொகுதிகள் ஒரே சுரத்தில் முடிகின்றன. 'ர' என்னும் சுரம் ர, ரி, ரு, ரெ என உயிர் மாறி நான்கு வடிவில் எழுதப்படுகிறது. ஏனைய சுரங்களும் அவ்வாறே. சில எழுத்துகளின் மேல் சிறு புள்ளிகள் உள்ளன. தலைப்பு நான்கு வகை அடிப்பைக் குறிப்பதாகப் பண்டார்க்கர் கொண்டார். அதாவது நரம்பைத் தட்டும், மீட்டும் முறைகளை. கீழே தமிழில் உள்ள ஒரு சிறு வரி, இவை எட்டுக்கும் ஏழுக்கும் பொருந்தும் என்கிறது. எட்டு நரம்பும் ஏழு நரம்பும் உடைய கருவிகளை அது சுட்டுவதாகக் கொள்ளலாம். ஏழு நரம்பு வீணைக்குப் 'பரிவாதினி' என்று பெயர். அப்பெயரை உடைய பொறிப்புகள் குடுமியான்மலையிலும் திருமயத்திலும் கிடைத்திருப்பது இதற்கு அரண் செய்கிறது.

இதை எவ்வாறு விளங்கிக்கொள்வது? கச்சேரிக்குரிய இசை உருப்படியாக இதனைக் கருத இடமில்லை. நான்கு நான்காகச் சுரங்களை மாற்றி மாற்றி அடுக்கி, முடிவில் ஒரே இடத்துக்கு வந்து சேரும் அமைப்பு, கை பழகுவதற்கு உரியது. இன்றும் வீணை கற்கத் தொடங்கும் பிள்ளை சரளி வரிசை, ஜண்டை வரிசை என்று தொடங்குகிறதல்லவா, அதற்கு நெருங்கிய உறவுடையது இது என்று சொல்லலாம். மாணாக்கரின் நன்மை என்ற சொற்கள் வெறும் அலங்காரமாக இராமல் பாடத்தின் அமைப்பிலேயே பதிந்திருக்கின்றன. ஓர் அரசன் தன் மெய்க்கீர்த்தியைப் பொறிக்க வேண்டிய பாறையில், பயிலும் சிறுவனுக்கான பயிற்சிப் பாடத்தைப் பொறித்திருக்கிறான்! தமிழகக் கல்வெட்டுகளில் இதற்கு நிகரானதை நாம் கண்டதில்லை.

வியப்பு என்னவெனில், குடுமியான்மலைக்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, பக்தாதில் இதே எண்ணம் வேறொரு மேதைக்கும் தோன்றியது. அரபுத் தத்துவ ஞானி என்று புகழப்பட்ட அல்-கிந்தி (மறைவு ஏறத்தாழ கி.பி. 873) இசை குறித்துப் பல சிற்றேடுகள் எழுதினார். அவற்றுள் ஒன்றில் 'ஊத்' என்னும் அரபு நரம்புக் கருவியைப் பயிலும் மாணவனின் விரல்களைப் பழக்குவதற்கென ஒரு பயிற்சியை எழுதி வைத்தார். பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் இரு நரம்புகளை எவ்வாறு மீட்டுவது என்பதை அது படிப்படியாகக் காட்டுகிறது. அரபு மொழியில் எழுத்து வடிவில் எஞ்சியுள்ள மிகப் பழைய இசைப் பதிவுகளில் ஒன்று, கலீஃபாவின் அவையில் கைதட்டல் பெற்ற மெட்டு அன்று. கற்கத் தொடங்கிய ஒருவனின் விரற்பயிற்சி. பக்தாதும் குடுமியான்மலையும் ஒன்றை ஒன்று அறிந்திருக்க வாய்ப்பில்லை. இரண்டிலும் முதலில் எழுதப்படத் தகுந்ததாகக் கருதப்பட்டது மாணவனின் தேவையே.

ஆனால் இரண்டுக்கும் ஒரே குறைபாடும் உண்டு. குடுமியான்மலைச் சுரங்களின் மேலுள்ள புள்ளிகள் சுருதி நுட்பத்தைக் குறிப்பனவா, மீட்டும் முறையைக் குறிப்பனவா என்று அறிஞர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். 'இப்படித்தான் என் ஆசிரியர் எனக்குக் காட்டினார்' என்று சொல்ல ஒருவர் இல்லை. நம் மத்ரஸாக்களில் ஹதீஸ் கற்றவர்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். மத்ன் எவ்வளவு தெளிவாக இருப்பினும் ஸனது அறுந்தால் நிலை என்ன என்பது அவர்கள் அறிந்ததே. கிதாபை வைத்திருப்பதும் இஜாஸா பெற்றிருப்பதும் ஒன்றல்ல. நரம்பிசையில் மத்ன் கல்லில் நின்றது. ஸனது காற்றில் போயிற்று. ஆகவே, ஸனது அறாமல் காத்தவர்கள் எப்படிக் கற்பித்தார்கள் என்பதே நாம் ஆராய வேண்டிய வினாவாகிறது.

மேலே செல்லுமுன் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நரம்புக் கருவிகளைப் பற்றி நம் இமாம்கள் ஒரே கருத்துடையோர் அல்லர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் பாடலைக் கேட்பதற்கு விரிவாக இடம் தந்தாலும், மதுக் கூட்டங்களின் அடையாளமாக இருந்தவை என்ற காரணத்தால் நரம்புக் கருவிகளை விலக்கியே வைக்கிறார்கள். குர்துபாவின் இப்னு ஹஸ்ம் (மறைவு 1064) மாறுபட்ட கருத்துடையவர். தடைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் அறிவிப்புகள் வலுவற்றவை என்று வாதிட்டார். நாம் இங்கே மார்க்கத் தீர்ப்புக் கூற வரவில்லை. முஸ்லிம்கள் வளர்த்த ஒரு கல்வி முறையை வரலாறாகப் பார்க்கிறோம், அவ்வளவே.

அப்பாஸிய பக்தாதில் இஸ்ஹாக் அல்-மவ்ஸிலியிடம் பயின்றவர் அபுல் ஹசன் அலீ இப்னு நாஃபிஉ. கறுத்த மேனியும் இனிய குரலும் உடைமையால் ஒரு பறவையின் பெயரால் 'ஸிர்யாப்' என்று அழைக்கப்பட்டார். கலீஃபா ஹாரூன் அர்-ரஷீதின் முன் அவர் தம் ஊத்தை மீட்டியதும், ஆசிரியருக்கே மாணவர் மேல் பொறாமை மூண்டு ஊரை விட்டுப் போகச் சொன்னதுமான கதை பரவலாக அறியப்பட்டது. பிற்கால எழுத்தாளர்கள் அதில் ஓரளவு நிறம் கூட்டியிருக்கலாம் என்று இக்கால ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உறுதியானது, அவர் மேற்கே சென்று கி.பி. 822-இல் அந்தலூஸை அடைந்தார் என்பதும், இரண்டாம் அப்துர் ரஹ்மான் அவரைப் பெருமதிப்புடன் குர்துபாவில் அமர்த்தினார் என்பதுமாகும். ஊத்தில் ஐந்தாவது நரம்பைச் சேர்த்தவர் என்றும், மர மீட்டுகோலுக்கு மாற்றாகக் கழுகின் இறகுத் தண்டைப் பயன்படுத்தியவர் என்றும் அவர் புகழப்படுகிறார். இறகு மெல்லியது, நரம்பும் விரைவில் தேயாது, ஒலியும் மென்மை பெறும்.

நம் நோக்கத்துக்கு முக்கியமானது அவர் நடத்திய பள்ளி. இப்னு ஹய்யான் எழுதி, அல்-மக்கரீ வழியாக நமக்கு எட்டிய செய்திகளில், மாணவரை அவர் சேர்த்துக்கொண்ட விதம் விவரிக்கப்படுகிறது. புதிதாக வந்தவனை வட்டத் திண்டின் மேல் அமரச் செய்து முழுக் குரலையும் எழுப்பச் சொல்வார். குரல் நலிந்திருந்தால் தலைப்பாகைத் துணியை இடுப்பில் இறுகக் கட்டச் செய்வார். வாயைத் திறக்கத் தெரியாதவனுக்கு மூன்று விரல் அகல மரத்துண்டைத் தந்து, தாடை விரியும் வரை இரவில் வாயில் வைத்திருக்கச் சொல்வார். பின்னர் ஒரே ஒலியை நீட்டிக் கூவச் செய்து, தெளிவும் வலுவும் உண்டா என்று பார்ப்பார். இது குரலுக்கான சோதனை என்பது உண்மையே. அக்காலத்தில் பாட்டும் ஊத்தும் பிரியாமல் ஒருவரே கையாண்ட கலைகள். கற்பித்தலை அவர் மூன்று படிகளாக வகுத்தார். முதலில் பாட்டின் சொல்லோடு தாளம். அடுத்து, அணியேதும் இல்லாத எளிய மெட்டு. கமகமும் உணர்ச்சியும் மூன்றாவதாகவே.

இந்த ஒழுங்கில் பொதிந்த அறிவை நாம் வியக்காமல் இருக்க முடியவில்லை. குறையுடன் வந்தவனை அவர் உடனே விரட்டவில்லை. குறைக்கு ஒரு கருவியைத் தந்தார், காலத்தையும் தந்தார். அதன் பிறகும் தேறாதவனை வைத்துக்கொண்டு வருத்தவும் இல்லை. உணர்ச்சியைக் கடைசிப் படியில் வைத்தது அதை இழிவாகக் கருதியதால் அன்று. கை தடுமாறும் சிறுவனிடம் 'உருக்கமாக வாசி' என்று சொன்னால் அவன் கையும் கெடும், உருக்கமும் போலியாகும். அவருடைய பிள்ளைகளும் அப்பள்ளியில் உருவானார்கள். ஹம்தூனா, உலய்யா என்னும் புதல்வியர் இருவரும் தேர்ந்த இசைவாணர்கள். வீட்டுக்கு வெளியே, அடிமைப் பெண்களும் அவரிடம் கற்றுப் புகழ் பெற்றனர்.

ஸிர்யாபை முகத்திமாவில் குறிப்பிடுகின்ற இப்னு கல்தூன் (1332–1406) அதே நூலில் மாணவர் மீது கடுமை காட்டுவதன் தீங்கைத் தனி அத்தியாயமாக எழுதினார். வன்முறையால் வளர்க்கப்பட்ட சிறுவன் மனம் சுருங்குவான்; ஊக்கம் இழந்து சோம்பலுக்கு ஆளாவான்; தன் மேல் கை விழாதிருக்கப் பொய்யையும் சூழ்ச்சியையும் கற்பான்; நாளடைவில் அதுவே அவன் குணமாகும் என்று அவர் விளக்குகிறார். அத்தியாயத்தின் முடிவில், ஹாரூன் அர்-ரஷீத் தம் மகன் அமீனின் ஆசிரியருக்குச் சொன்ன அறிவுரையை எடுத்துக்காட்டுகிறார். பயனுள்ள ஒன்றைக் கற்பிக்காமல் ஒரு நாழிகையும் கழியலாகாது, ஆனால் அவன் மனம் மடியும்படி வருத்தவும் கூடாது. இயன்ற வரை நெருக்கத்தாலும் மென்மையாலும் திருத்துங்கள், அவன் இணங்காதபோதே கடுமை என்பது அதன் சாரம். இமாம் கஸ்ஸாலியும் (ரஹ்) குழந்தை வளர்ப்பைப் பற்றி எழுதுகையில், நற்செயல் கண்டால் பிறர் முன்னிலையில் பாராட்டுங்கள், தவறு முதன்முறை நிகழ்ந்தால் காணாதது போல் இருங்கள், மீண்டும் நிகழ்ந்தால் தனிமையில் கண்டியுங்கள், ஓயாமல் கடிந்தால் சொல் மதிப்பிழக்கும் என்றார்கள். மக்தபிலிருந்து வந்த குழந்தையை விளையாட விட வேண்டும், தடுத்தால் உள்ளம் மரத்துப்போகும் என்றும் எச்சரித்தார்கள். நரம்புக் கருவியை விலக்கிய அதே பேரறிஞரிடமிருந்து, நரம்புக் கருவி கற்பிப்போர் அனைவரும் படிக்க வேண்டிய பக்கங்கள் கிடைப்பது வரலாற்றின் விநோதம்.

செஞ்சிக்கு மீண்டும் வருவோம். 1649-இல் செஞ்சிக் கோட்டை பீஜப்பூர் ஆதில்ஷாஹிகளின் கைக்கு மாறி, 1677-இல் சிவாஜி கைப்பற்றும் வரை அவர்களிடமே இருந்தது. அக்குலத்தின் இரண்டாம் இப்ராஹீம் ஆதில்ஷா (ஆட்சி 1580–1627) தக்கினி மொழியில் 'கிதாபே நவ்ரஸ்' என்னும் இசைப்பாடல் நூலை இயற்றியவர். தாம் மீட்டிய தம்பூருக்கு 'மோத்தி கான்' என்று பெயரிட்டு, ஓர் அமீரைப் போற்றுவது போல் போற்றினார். இசைவாணருக்கென நவ்ரஸ்பூர் என்னும் நகரையும் எழுப்பத் தொடங்கினார். மன்னன் விரும்பும் வரை கலை செழிக்கும் என்பதற்கு இது சான்று. மன்னன் மறைந்தபின் என்ன ஆகும் என்பதற்கும் இதுவே சான்று. நவ்ரஸ்பூர் இன்று இடிபாடுகளே.

அரசவை ஒடுங்கியபின் நரம்பிசை வட இந்தியாவில் உஸ்தாதுகளின் இல்லங்களுக்குள் சென்று தங்கியது. கரானா என்னும் அமைப்பு ஸனதைக் காத்தது உண்மை. ஆனால் வீட்டுப் பிள்ளைக்கு ஒன்று, வெளியாருக்கு வேறொன்று என்ற பாகுபாடும் அங்கே வேரூன்றியது. இதைத் தம் உடலால் உணர்ந்தவர் அலாவுத்தீன் கான். கிழக்கு வங்கத்துச் சிப்பூரில் பிறந்தவர். பிறந்த ஆண்டு 1862 என்பாரும் 1881 என்பாரும் உளர். சிறு வயதிலேயே வீட்டை விட்டு ஓடி, கல்கத்தாவில் பசியோடு திரிந்து, பல ஆசிரியர்களிடம் பலவற்றையும் பயின்று, இறுதியில் ராம்பூரை அடைந்தார். அங்கே தான்சேன் மரபில் வந்த வஸீர் கானிடம் கற்க விரும்பினார். வாயிலைக்கூட நெருங்க முடியவில்லை. நவாபின் காரின் முன் பாய்ந்து தம் வேண்டுதலைத் தெரிவித்ததாக அவர் வரலாறு கூறுகிறது. மாணவராக ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகும் ஆண்டுக்கணக்கில் ஒரு பாடமும் கிடைக்கவில்லை. ஏவல் வேலைகளே கிடைத்தன. பின்னரே வஸீர் கான் மனம் இளகிக் கற்பித்தார்.

1918 அளவில் மத்திய இந்தியாவின் மைஹர் சமஸ்தானத்தில் அலாவுத்தீன் கான் பணியமர்ந்தார். அக்காலத்தில் பரவிய கொள்ளை நோய் பல குழந்தைகளை அநாதைகளாக்கியிருந்தது. அப்பிள்ளைகளைத் திரட்டி அவர் ஓர் இசைக்குழுவை உருவாக்கினார். எழுத்தறியாத, எந்த இசைக் குடும்பத்தையும் சாராத சிறுவர் சிறுமியர் அவர்கள். சித்தார், சரோத், வயலின், செல்லோ எனப் பல கருவிகளை அவர்களுக்குப் பயிற்றினார். துப்பாக்கிக் குழாய்களை அளவாக அறுத்து 'நள்தரங்' என்னும் புதுக்கருவியையும் செய்து கொடுத்தார். மைஹர் பேண்டு என்று பெயர் பெற்றது அக்குழு. தாம் வாயிலில் நிறுத்தப்பட்டதை நினைத்தே வாயிலற்ற ஒரு பள்ளியை அவர் அமைத்தார் என்று கொள்வது மிகையாகாது என்பது நம் கருத்து. அவர் தாமே சரோதை இடக்கையால் மீட்டியவர். மரபு வகுத்த பிடிக்கு அடங்காத ஒரு கையை மரபு ஏற்கச் செய்தவர். ஒவ்வொரு மாணவனின் கைக்கும் மனத்துக்கும் ஏற்ப வேறு வேறு வழியில் அவர் கற்பித்தார் என்பதற்கு, அவரிடம் பயின்ற சித்தார் மேதைகள் ரவிசங்கரும் நிகில் பானர்ஜியும் ஒருவரைப் போல் ஒருவர் வாசிக்காமையே சான்று.

இவ்வளவும் கூறிய பின் மறுபக்கத்தையும் கூறாவிட்டால் நாம் வரலாறு எழுதியவர்களாக மாட்டோம். அலாவுத்தீன் கான் கடுமையான ஆசிரியர். சினம் வந்தால் கை நீளும். மகன் அலீ அக்பர் கானை மரத்தில் கட்டி அடித்ததுண்டு. அம்மகன் ஒரு கட்டத்தில் வீட்டை விட்டே ஓடினார். தந்தை தம் சிறுவயதில் ஓடியது இசையைத் தேடி. மகன் ஓடியதோ இசை கற்பித்தவரிடமிருந்து. இப்னு கல்தூனின் அத்தியாயத்துக்கு இதைவிடத் துயரமான விளக்கவுரை வேண்டியதில்லை. அலீ அக்பர் மேதையானார் என்பதைக் காட்டி அடியை நியாயப்படுத்துவோர் உண்டு. அடியால் கருவியையே வெறுத்து ஒதுங்கிய பிள்ளைகளின் பெயர்களை எந்த வரலாறும் எழுதுவதில்லை என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

ரவிசங்கருடைய நிகழ்ச்சி வேறு வகையானது. 1935-இல் உதயசங்கரின் குழுவோடு ஐரோப்பா செல்லப் பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற அலாவுத்தீன் கானிடம், ரவிசங்கரின் தாயார் மகனின் கையைப் பிடித்து ஒப்படைத்து, இவனை உங்கள் பிள்ளையாகக் கருதுங்கள் என்று வேண்டினார். 1938-இல் ரவிசங்கர் மைஹருக்கு வந்தார். அவரை ஆசிரியர் ஒருபோதும் அடித்ததில்லை. ஒருநாள் ஒரு பயிற்சி கைகூடாதபோது மட்டும், உன் மணிக்கட்டில் வலுவில்லை, போய் வளையல் வாங்கி அணிந்துகொள் என்று சொல்லிவிட்டார். அச்சொல் தாங்காமல் மாணவர் மூட்டை கட்டினார். செய்தி அறிந்த ஆசிரியர், மாணவரை அழைத்து அத்துறைமுகத்தையும் அத்தாயாரின் சொல்லையும் நினைவூட்டினார். இந்த ஒரு சொல்லுக்கா இவ்வளவு வருத்தம் என்று கேட்டார். மாணவர் தங்கினார், 1944 வரை பயின்றார். கடிந்த ஆசிரியரே முதலில் இறங்கி வந்தார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவருடைய சினத்தைப் பற்றி ஆயிரம் கதைகள் உலவுகின்றன. இந்த இறக்கத்தைப் பேசுவோர் குறைவு.

அவருடைய மகளின் கதையையும் விட்டுவிட இயலவில்லை. மூத்த மகள் ஜஹானாராவுக்கு இசை பயிற்றி மணம் செய்து கொடுத்தார். புகுந்த வீட்டில் அவளுடைய தம்பூராவை எரித்தார்கள். அந்தப் புண்ணால், இளைய மகள் ரோஷனாராவுக்குக் கற்பிப்பதில்லை என்று உறுதி கொண்டார். ஒருநாள் கடைவீதியிலிருந்து திரும்புகையில், அலீ அக்பரின் பயிற்சியில் நேர்ந்த பிழையை அச்சிறுமி பாடித் திருத்துவது காதில் விழுந்தது. அவள் கேட்டே கற்றிருந்தாள். அடிப்பார் என்று அவள் அஞ்சி நிற்க, அவர் அழைத்து அருகில் அமர்த்தி, தம்பூராவைக் கையில் கொடுத்தார். அன்னபூர்ணா தேவி என்று பின்னர் அறியப்பட்டவர் இவரே. சுர்பஹாரில் தனக்கு நிகரில்லாதவராக விளங்கியும், மேடையை விட்டு விலகி, 2018-இல் மறையும் வரை கற்பிப்பதையே வாழ்வாகக் கொண்டார். நிகில் பானர்ஜியும் அவரிடம் பயின்றவர்.

மைஹரின் காலத்திலேயே வேறோர் உஸ்தாதும் கதவைத் திறந்தார். கிரானா மரபின் அப்துல் கரீம் கான் பாடகராகவே புகழ் பெற்றாலும், சாரங்கியும் பீனும் கைவரப் பெற்றவர். 1910-களில் புனேயில் 'ஆரிய சங்கீத வித்தியாலயம்' நடத்தி, மாணவர்களைத் தம்முடனேயே தங்கவைத்து உணவளித்துக் கற்பித்தார். மைசூருக்கும் சென்னைக்கும் வந்து கர்நாடக இசையை மதித்துக் கற்ற வடநாட்டு உஸ்தாதுகளில் அவர் முன்னோடி. 1937 அக்டோபரில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் பயணமானபோது நெஞ்சுவலி கண்டு சிங்கப்பெருமாள்கோயில் நிலையத்தில் இறங்கினார். நடைமேடையிலேயே விரிப்பு விரித்துத் தொழுது, இறைநாமம் இசைத்தபடி உயிர் நீத்தார் என்று சொல்வார்கள். அவர் போய்ச் சேராத அந்த இருப்புப்பாதை விழுப்புரத்தைத் தொட்டே புதுச்சேரிக்குத் திரும்புகிறது. விழுப்புரத்துக்கும் மண்டகப்பட்டுக்கும் தொலைவு அதிகமில்லை.

நம் காலத்தில், 2008-இல் சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மான் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியை ஒட்டி, 'சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா' என்னும் சிறார் குழு உருவானது. பொருளாதாரத்தில் பின்தங்கிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வயலின், வயோலா, செல்லோ முதலிய நரம்புக் கருவிகளைக் கட்டணமின்றிப் பயிற்றுவது அதன் பணி. மேலைநாட்டு இசைமுறையில், தாளில் எழுதிய சுரங்களைப் பார்த்து அவர்கள் வாசிக்கிறார்கள். வில்லைப் பிடிக்கும் விதம் தாளில் எழுதப்படுவதில்லை. அதை ஆசிரியர் பிள்ளையின் விரல் மேல் தம் விரலை வைத்தே காட்ட வேண்டியிருக்கிறது.